பாதி வீடு விற்பனைக்கு

வீட்டு வாசல் படலையில் ஒட்டியிருந்த கடதாசியில் இரண்டே வரிகள்தான் இருந்தன. "பாதி வீடு விற்பனைக்கு. தரகர் வேண்டாம்." எழுத்து மிக அழகாக இருந்தது. பென்சிலால் கோடு போட்டு, பேனையால் எழுதி, பிறகு கோட்டை அழித்திருந்தார்கள். பாதி வீட்டை எப்படி விற்பார்கள் என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றதில் முதலாம் பாடத்துக்குப் பிந்திவிட்டேன். பதினொரு வருடத்தில் நான் பிந்தியது அது இரண்டாம் தடவை.

அந்த வீட்டை நான் முன்பே அறிவேன். நாவற்குடாவில் பஸ் ஏறி, டவுனில் இறங்கி, புளியந்தீவில் அந்த ஒழுங்கையால் நடந்துதான் படிப்பிக்கப் போவேன். ஒழுங்கையின் ஒரு முனையில் தேவாலயம், மற்ற முனையில் வாவி. நடுவில் அந்த வீடு. உருண்டைத் தூண்கள் வைத்த விறாந்தை, ஆள் உயர யன்னல்கள், யன்னலுக்குப் பச்சை மை அடித்த பலகைக் கதவுகள். கூரையில் இடப்பக்கம் பாதி ஓடு, வலப்பக்கம் பாதி அஸ்பெஸ்டஸ் சீற். பள்ளிக்கூடம் விட்டு வெயிலில் வரும்போது அதன் சுவர் ஓரமாக நடந்தால் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். அதற்காகவே நான் ஒழுங்கையின் அந்தப் பக்கமாக நடப்பேன். வீட்டின்மேல் ஆசை வந்தது அப்படித்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்தோடு வீட்டை எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். நாங்கள் மூன்று பெண்கள். மூத்த அக்காவுக்கு அப்பாவும் அம்மாவும் இருந்த வீடு. இரண்டாவது அக்காவுக்கு அப்பா புதிதாக ஒன்று கட்டினார். எனக்குக் கல்லடியில் கடற்கரைப் பக்கம் காணி வாங்கி அத்திவாரம் போட்டார். சுனாமி வந்துபோன பிறகு, கடலுக்கு அவ்வளவு கிட்ட வீடு கட்டக்கூடாது என்றார்கள். அத்திவாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அதன்மேல் வலை காயப்போடுகிறார்கள். ஆகவே நானும் கணவரும் நாவற்குடாவில் வாடகைக்கு இருந்தோம். அடுத்தடுத்து நான்கு வீடுகள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் வீடு வாங்க நினைக்கிறோம் என்று சொன்னால், யாருக்கு என்று கேட்பார்கள். எங்களுக்கு என்று சொன்னால் பேச்சை மாற்றுவார்கள்.

அன்று பின்னேரம் கணவரிடம் கடதாசியைப் பற்றிச் சொன்னேன். அவர் பழுகாமத்துக்காரர். விவசாயப் போதனாசிரியராக வேலை. எதைச் சொன்னாலும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"எந்தப் பாதி?" என்று கேட்டார்.

"அது போடல்ல."

"மறுகா எப்பிடி முடிவெடுக்கிற?"

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம்.

படலையைத் திறந்தவர் எழுபத்து நான்கு வயது அம்மா. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒழுங்கையில் எல்லாரும் அவரை மிஸி என்றே கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சீற் போட்ட வலப்பக்கம் அவருடையது. விறாந்தையால் உள்ளே போனதும் பெரிய கூடம். கூடத்தின் நடுவில், நிலத்திலிருந்து கூரைத் தீராந்தி வரைக்கும் பலகை அடித்து மறித்திருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்டது.

"அங்கால ஆர் மிஸி இரிக்கிற?" என்று கேட்டேன்.

"அவ," என்றார் மிஸி.

மெசின் நின்றது. சற்றுப் பொறுத்துத் திரும்பவும் ஓடத் தொடங்கியது.

'அவ' என்பது மிஸியின் கூடப்பிறந்த தங்கச்சி. தையல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு பேரும் கலியாணம் கட்டவில்லை. அவர்களுடைய தகப்பன் வீட்டைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் எழுதியிருந்தார். நில அளவையாளர் போட்ட கோடு கூடத்தை நடுவால் வெட்டிக்கொண்டு பின்வளவு வரைக்கும் போனது. கிணறு மிஸியின் பக்கம் விழுந்தது, குசினி தங்கச்சியின் பக்கம் விழுந்தது. கோடு கடதாசியில் இருந்தவரைக்கும் யாருக்கும் அது தொந்தரவு தரவில்லை. ஒரே குசினியில் சமைத்து ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

பிறகு ஒரு மாரியில் அடித்த காற்றுக்கு மிஸியின் பக்கத்து ஓடுகள் உடைந்தன. தங்கச்சி அப்போது இரண்டு கிழமைப் பயிற்சிக்காகக் கண்டிக்குப் போயிருந்தார். மிஸி மிச்ச ஓட்டையும் இறக்கிவிட்டுத் தன் பாதிக்கு சீற் போட்டார்.

"பழைய ஓடு எங்க போய்த் தேடுற? நான் தேடும்வரைக்கும் மழ நிக்குமா?" என்று அவர் எங்களிடம் கேட்டார்.

தங்கச்சி திரும்பி வந்தபோது ஒழுங்கையில் நின்றபடியே கூரையைப் பார்த்தார். உள்ளே வந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த கிழமை கூடத்தில் பலகை வந்தது. பலகையை அடிப்பித்தது தங்கச்சி என்று மிஸி சொன்னார். மிஸிதான் அடிப்பித்தார் என்று தங்கச்சி பிறகு எங்களுக்குச் சொன்னார். அடித்த தச்சர் காலமாகிவிட்டார். மிஸி தன் பின்னறையில் தனி அடுப்பு வைத்தார். அதற்குப் பிறகு பதினெட்டு வருடமாக அவர்கள் பேசவில்லை. ஓடும் சீற்றும் சந்திக்கிற இடம் மழைக்கு ஒழுகும். இரண்டு பேரும் பலகைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வாளி வைத்துக்கொண்டார்கள்.

மிஸி இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் நோயாளியின் நோய்க்குறிப்புத் துண்டை வாசிப்பது போலச் சொன்னார். இப்போது முழங்கால் ஏலாது; கிணற்றடிப் படியில் இறங்கி ஏற முடியவில்லை; நாவற்குடாவில் ஒன்றுவிட்ட தங்கச்சியின் மகள், பெறாமகள் ஒருத்தி, தன் வீட்டில் வந்து இருக்கச் சொல்கிறாள். அதனால் தன் பாதியை விற்கப்போகிறார்.

அந்த நேரம் பின்பக்கம் கிணற்றுக் கப்பி உருளும் சத்தம் கேட்டது. கிணற்றில் தங்கச்சிக்கும் பங்கு இருந்தது. அவர் தண்ணீர் அள்ளும் நேரத்தில் மிஸி பின்பக்கம் போவதில்லை. மிஸி பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

"ஒரு வாளிதான்," என்றார். "காலமையும் ஒண்டுதான் அள்ளினா. காய்ச்சலாக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர், போற வழியில அங்கால ஒருக்கா எட்டிப் பாருங்க. நான் சொன்னண்டு சொல்ல வேணாம்."

வீடு பார்க்கப் போன நாங்கள் நோய் பார்க்கப் போனோம். தங்கச்சியின் வாசல் விறாந்தையின் மறுகோடியில் இருந்தது. அவருக்கு அறுபத்தொன்பது வயது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தடித்த கண்ணாடி. காய்ச்சல் ஒன்றும் இல்லை.

"இண்டைக்கு உடுப்புத் தோய்க்கல்ல, அதான் தண்ணி குறைய," என்றார். நான் கேட்காமலே சொன்னார். "அவ அனுப்பித்தான் வந்தீங்க?"

"இல்ல டீச்சர்."

"ஓம், ஓம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மத்தியானம் அங்க என்ன கறி? கருவாடு பொரிச்ச மணம் வந்திச்சு. பிரஷர் இரிக்கிற ஆள் கருவாடு தின்னக்கூடா. நீங்க சொல்லுங்க. நான் சொன்னண்டு சொல்லாதீங்க."

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் பாலம் தாண்டும்வரைக்கும் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "சுவர் நல்ல சுவர்," என்றார்.

வங்கியில் பாதி வீட்டுக்குக் கடன் தர மாட்டோம் என்றார்கள். அவர்கள் அனுப்பிய மதிப்பீட்டாளர் கூடத்தில் நின்று பலகையை இரண்டு தரம் தட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து, "ஆரது?" என்று கேட்டது. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தார். வாங்குவதானால் முழு வீட்டையும் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேறு வீடு பாருங்கள் என்றார். என் கணவருக்கும் வேறு வீடு பார்ப்பதில் ஆட்சேபம் இல்லை. நாவற்குடாவில் அவருடைய சிநேகிதர் ஒருவர் புதிதாகக் கட்டிய வீடு விலைக்கு இருந்தது. முழுக்க முழுக்க மாபிள் பதித்த தரை. போய்ப் பார்த்தோம். மத்தியான நேரம். உள்ளே பத்து நிமிடம் நின்றதில் எனக்குத் தலை சுற்றியது. கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அங்கயே கேப்பம்," என்றார்.

தையல் டீச்சரிடம் போய், உங்கள் பாதியையும் தருவீர்களா என்று கேட்டோம். அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார்.

"அவ போறாவா?"

"ஓம் டீச்சர். மிஸி விக்கத்தான் நிக்கிறா."

"கடதாசிய நானும் பாத்த. சும்மா ஒரு கோவத்துல ஒட்டியிரிக்கா எண்டு நெனச்ச." கீழே வைத்த சட்டையை எடுத்து மடித்தார். "அவ போனா மறுகா நான் என்னத்துக்கு இஞ்ச? வாங்கிக்கங்க. ஆனா ஒண்டு. முதல்ல அவ போகணும். அவ போன பிறகுதான் நான் வெளிக்கிடுவன்."

இதை மிஸியிடம் சொன்னோம். மிஸி தலையை ஆட்டினார்.

"அது சரிவராது. முதல்ல அவ போகட்டும். அவ தனிய இரிக்க ஏலாது. பின்கதவு பூட்ட மறந்து போற ஆள். ராவைக்கு நான்தான் இஞ்சால இருந்து காது குடுத்துப் பாக்கிற, தாழ்ப்பாள் போடுற சத்தம் கேக்குதா எண்டு. கேக்காட்டி ஒரு செருமல் செருமுவன். உடனே போடுவா."

தையல் டீச்சரிடம் திரும்பிப் போனோம். செருமல் சங்கதியை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

"அவக்கு முழங்கால் ஏலாது. கிணத்தடியில விழுந்தா ஆர் பாக்கிற? சத்தம் கேட்டா ஓடிப்போக நான் இரிக்கணும். அவ பத்திரமாப் போய்ச் சேந்தா எண்டு தெரிஞ்சாத்தான் நான் போவன்."

தை மாதம் ஒட்டிய கடதாசி. சித்திரையில் அதன் ஒரு மூலை கிழிந்து தொங்கியது. ஆனியில் மிஸி அதே எழுத்தில் இன்னொன்று எழுதி ஒட்டினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் போனோம். முதலில் விறாந்தையின் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். இரண்டு பக்கமும் தேத்தண்ணி குடித்தோம். ஒரு பக்கத்தில் வடை சாப்பிட்டால் மற்றப் பக்கத்தில் ரோல்ஸ் வந்தது. பலகைக்கு அங்கால் என்ன வைத்தார்கள் என்பது இரண்டு பேருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது.

என் மூத்த அக்காவுக்கு இதைக் கேட்கக் கேட்கக் கோபம் வந்தது. "என்னகா இது, வீடு வாங்கப் போறீங்களா, ரெண்டு கிழவியளப் பாக்கப் போறீங்களா?" என்றாள். அப்பா வீட்டில் பிறந்து, அதே வீட்டைச் சீதனமாக வாங்கி, அதே வீட்டில் இருக்கிறவள் அவள். அவளுக்கு நான் என்ன சொல்வது? எனக்கும் சில நாட்களில் வெட்கமாக இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார்கள் என்றும், நான்தான் அதைக் கலைக்கப் போய் நிற்கிறேன் என்றும் தோன்றும். ஒருநாள் மிஸியிடம் இதைச் சொன்னேன். விருப்பமில்லையென்றால் விற்க வேண்டாம், நாங்கள் கோபிக்க மாட்டோம் என்றேன்.

"புள்ள," என்றார் மிஸி. அதுவரைக்கும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டவர். "ஆஸ்பத்திரியில முப்பத்தாறு வருசம் நிண்டவ நான். விழுந்து கிடக்கிற ரெண்டு பேர் ஒருத்தரத் தூக்க ஒருத்தர் ஏலாது. எனக்கு விளங்காம இல்ல."

வழியைக் கண்டுபிடித்தது என் கணவர். ஆவணி மாதம், வாழைச்சேனைப் பக்கம் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, சேர்ட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இது வயலுக்குத் தண்ணி விடுற பிரச்சினைதான்."

ஒரே வாய்க்கால் பாயும் வட்டையில் அடுத்தடுத்து வயல் செய்கிற இரண்டு பேர். முதலில் நீ மடையைக் கட்டு, பிறகு நான் கட்டுகிறேன் என்று ஆளையாள் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். அப்படி நின்று ஒரு போகமே பாழாய்ப் போனதை அவர் பார்த்திருக்கிறார். அந்த மாதிரி நேரத்தில் வட்டவிதானையார் இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி, நடுவில் தான் நிற்பாராம். வட்டையின் தண்ணீர் முறைக்குப் பொறுப்பானவர் அவர்தான்.

"ரெண்டு ஓட்டோ," என்றார் கணவர். "ஒரே நேரம். படலையில நான் நிக்கிறன்."

நாவற்குடாப் பெறாமகளிடம் நான் போனேன். நல்ல மனுசி. இரண்டு பெரியம்மாமாரையும் வந்து இருக்கச் சொல்லித் தான் எப்போதோ கேட்டுவிட்டதாகச் சொன்னாள். இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறாள். மற்றவர் வருவதை இருவருக்கும் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகளுக்கு மை அடித்துவைத்திருந்தாள்.

"நீங்களும் சொல்லிராதீங்க டீச்சர்," என்றாள். "வந்து இறங்கின பிறகு திரும்பிப் போக அங்க வீடு இராதுதானே."

உறுதிப்பத்திரம் எழுதுகிற நாள் காலை ஒன்பது மணிக்கு ஒழுங்கையில் இரண்டு ஓட்டோக்கள் நின்றன. கணவர் படலையில் நின்றார். இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்தன. மிஸி வெள்ளைச் சேலை, தையல் டீச்சர் சாம்பல் நிறச் சேலை. கையில் ஆளுக்கொரு பெட்டி. ஒருவர் மற்றவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் கணவரைப் பார்த்தார்கள். அவர் கையை உயர்த்தினார். ஓட்டோக்கள் வெளிக்கிட்டன.

நொத்தாரிசின் அறையில் மூன்று கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தன. நடுக்கதிரையில் என்னை இருக்கச் சொன்னார்கள். நொத்தாரிசு வயதானவர். உறுதியை ஒரே சீராக வாசித்துக்கொண்டு போனார். கிழக்கு எல்லைக்கு வந்து, "மதில்" என்றார்.

"அது மதில் இல்ல. வேலி," என்றார் மிஸி.

"பழைய உறுதியில மதில் எண்டுதான் அம்மா கிடக்கு."

"எழுதின ஆள் வந்து பாத்திருக்கமாட்டார்," என்றார் தையல் டீச்சர், நொத்தாரிசைப் பார்த்தபடி. "அது எந்த நாளும் வேலிதான். கிளுவ வேலி."

"கிளுவையும் பூவரசும்," என்றார் மிஸி. அவரும் நொத்தாரிசைப் பார்த்தபடியே சொன்னார்.

"பூவரசு பிறகு நட்ட."

"ஓம். பிறகு நட்டதுதான்."

நொத்தாரிசு கடதாசி ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டார். நான் அசையாமல் இருந்தேன். இரண்டு பக்கமும் என் தோளுக்கு மேலால் பேச்சுப் போய்வந்தது. அதைப் பேச்சு என்று அவர்கள் ஒத்துக்கொள்வார்களோ தெரியாது.

கையெழுத்து வைக்கிற நேரம் மிஸி தன் கைப்பையைத் திறந்து தேடினார். வேறு பையிலும் தேடினார். அவசரத்தில் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். நொத்தாரிசு, பரவாயில்லை, நான் இடத்தைக் காட்டுகிறேன் என்றார். பார்க்காமல் எதிலும் கையெழுத்து வைத்த பழக்கம் தனக்கு இல்லை என்றார் மிஸி. அப்போது என் மடிக்கு முன்னால் ஒரு கை நீண்டது. தையல் டீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, விரல் நுனியால் மிஸியின் பக்கம் தள்ளிவிட்டார்.

மிஸி அதை எடுத்துப் போட்டார். கடதாசியைக் கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார். பிறகு முதல்தடவையாகத் திரும்பித் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார்.

"இந்தக் கண்ணாடியோடயா நீ ஊசி கோத்துக்கிட்டு இரிக்கிற?"

தையல் டீச்சர் தன் விரல் நுனிகளைத் தடவினார்.

"ஊசி கோக்கிறது கண்ணால இல்லக்கா. கையால."

"கண்ணக் காட்டினியா?"

"இல்ல."

"எப்ப இருந்து மங்கல்?"

"வலக்கண் ரெண்டு வருசம். இடக்கண் இப்பதான்."

"ரெண்டு வருசம்," என்றார் மிஸி. கண்ணாடியைக் கழற்றித் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு, முழு உறுதியையும் தானே ஒருமுறை வாசித்தார். பிறகுதான் கையெழுத்து வைத்தார். அது படலையில் இருந்த அதே அழகான எழுத்து. நொத்தாரிசும் சாட்சிக்கு வந்த எழுத்தரும் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதையே பார்த்தேன். அடுத்த கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை என்று அதில் போட்டிருந்தது.

வெளியே வந்ததும் அவரவர் தங்கள் ஓட்டோவில் ஏறிக்கொண்டார்கள். நாவற்குடாவில் இரண்டு ஓட்டோவும் ஒரே படலையில் போய் நின்றனவாம். பெறாமகள் அன்று பின்னேரமே எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"நீ எங்க இஞ்ச?" என்று மிஸி கேட்டிருக்கிறார்.

"என்ட பெறாமகள் வீட்ட வந்திரிக்கன்," என்றிருக்கிறார் தையல் டீச்சர்.

"அது என்ட பெறாமகள்."

பெறாமகள் இரண்டு பேருடைய பெட்டியையும் இறக்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள். சாப்பிட வந்தார்களா என்று கேட்டேன். வந்தார்கள் என்றாள். கறிக்கு உப்புக் கூட என்று இரண்டு பேருமே சொன்னார்களாம்.

எங்கள் சாமான்களை ஒரு சின்ன லொறியில் ஏற்றிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தோம். மிஸி தந்த கதவுத் திறப்பு ஒரு தேக்கரண்டியளவு நீளம். தையல் டீச்சர் தந்தது சிறிய பூட்டுத் திறப்பு, நூல் கட்டியிருந்தது. முதல் வேலையாகக் கூடத்துப் பலகைகளைக் கழற்ற ஒரு தச்சரைக் கூப்பிட்டோம். அவர் முதல் பலகையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். வலப்பக்கத்திலிருந்து அடித்த ஆணிகளும் இருந்தன, இடப்பக்கத்திலிருந்து அடித்த ஆணிகளும் இருந்தன. ஆறு பலகையிலும் அப்படித்தான். கழற்ற நாள் முழுவதும் எடுத்தது.

ஒழுக்கு நிற்கவில்லை. மேசன் ஏறிப் பார்த்துவிட்டு, நிற்பாட்டுவதென்றால் கூரை முழுவதையும் மாற்ற வேண்டும், அதுவரைக்கும் வாளி வையுங்கள் என்றார். வைத்தோம். முன்பு இரண்டு வாளி, இப்போது ஒரு பெரிய வாளி.

அக்காமார் இரண்டு பேரும் வீடு பார்க்க வந்தார்கள். மூத்தவள் சுவரைத் தட்டிப் பார்த்து, இவ்வளவு தடிப்பான சுவர் இருந்தால் அறை சின்னதாகப் போய்விடும் என்றாள். இரண்டாமவள் குசினி இருட்டு என்றாள். அது உண்மைதான். இரண்டு பேரும் போகும்போது மூத்தவள் விறாந்தையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். "அப்பா இருந்திருந்தா," என்று தொடங்கி, அதை முடிக்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு கூடத்தில் பாயைப் போட்டுச் சுவர் ஓரமாகப் படுத்தேன். மத்தியானம். வெளியே வெயில் கொளுத்தியது. சுவரில் கையை வைத்தேன். பதினொரு வருடம் வெளியே தொட்டுக்கொண்டு நடந்த சுவரை அன்றைக்குத்தான் உள்ளே இருந்து தொட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அழுகை வந்தது. கணவர் வந்து, என்ன என்று கேட்டார்.

"முதுகு நோகுது," என்றேன்.

அவர் என் கையையும் சுவரையும் பார்த்தார். பிறகு போய்த் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து தந்துவிட்டு, தானும் பாயின் மற்றப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் தையல் டீச்சருக்கு வலக்கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார்கள். நாள் எடுத்து, அனுமதித் துண்டு போட்டு, டொக்டரைக் கண்டு எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணியது மிஸி. முழங்கால் ஏலாதவர் அதற்காக நாவற்குடாவிலிருந்து நாலு தடவை வந்துபோனார். நான் பள்ளிக்கூடம் விட்டு, வீட்டுக்குப் போய், இடியப்பமும் சொதியும் மீன் கறியும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல் டீச்சர் ஒரு கண்ணில் கட்டோடு நிமிர்ந்து படுத்திருந்தார். மிஸி பக்கத்தில் கதிரையில் இருந்து பத்திரிகையில் மரண அறிவித்தல்களை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இவர் எங்கட பெரிய பள்ளிக்கூடத்தில சித்திரம் படிப்பிச்சவர்," என்றார் மிஸி.

"இல்லக்கா. அது இவர்ட தமையன். அவர் முந்தியே மோசம் போயிட்டார்."

"படத்தில அவரப் போலதான் இரிக்கு."

"நீ படத்தப் பாக்கிற, எனக்குப் பேர் ஞாபகம் இரிக்கு."

மிஸி அடுத்ததை வாசித்தார். என்னைக் கண்டதும் பத்திரிகையை மடித்தார். சாப்பாட்டைத் திறந்து, மீனில் முள் எடுத்து, இடியப்பத்தோடு பிசைந்து தங்கச்சியின் கையில் கிண்ணத்தைக் கொடுத்தார். சொதிக்கு உப்பு அளவா என்று முதலில் தான் நக்கிப் பார்த்தார். தையல் டீச்சர் சாப்பிட்டுக்கொண்டே, கிணற்றடி எலுமிச்சை காய்த்திருக்கிறதா என்று கேட்டார். காய்த்திருக்கிறது, அடுத்தமுறை கொண்டுவருகிறேன் என்றேன்.

அந்த நேரம் இளம் தாதி ஒருத்தி வந்து, பார்க்க வந்தவர்கள் வெளியே போக வேண்டும், நோயாளியோடு ஒரு ஆள் மட்டும் நிற்கலாம் என்றாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆர் நிக்கிற?"

"நான்," என்றார் மிஸி. "நான் இவட அக்கா."

"உங்களுக்கு ஏலுமா அம்மா? ராவிரவா இந்தக் கதிரையிலதான் இரிக்கணும்."

"இந்த வாட்டுல கதிர வாறதுக்கு முதல் நான் நிண்டவ மகள்," என்றார் மிஸி. "நீ போய் அடுத்த கட்டிலப் பார்."

நான் சாப்பாட்டுக் கரியரைக் குழாயடியில் கழுவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மழை இருட்டியிருந்தது. பழக்கதோசத்தில் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். நாவற்குடா பஸ் வந்தது. மிதிபலகையில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. இறங்கி வீட்டுக்கு நடந்தேன். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.